சந்தனம் ஒட்டிய முனை

நீ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டதாக எழுதிய கார்டு வந்தது. அறையில் நல்ல காற்று வருகிறது, சாப்பாடு பரவாயில்லை, புதிய பட்டறையில் அளவுக் கருவிகள் அத்தனையும் உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எதிர்வீட்டு அம்மாளைக் கூட்டி வந்து மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இன்று அந்தக் கார்டு மேசை மேல் கிடக்கிறது; எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை. இது வாழ்த்துக் கடிதம் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன். கோபத்தில் எழுதியதை ஒரு ராத்திரி ஆறவிட்டு, காலையில் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புவது என் பத்திரிகை உத்தியோகத்தில் நான் வைத்திருக்கும் பழக்கம். இதையும் அப்படித்தான், நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்துப் பிரதி எடுக்கிறேன். ஒரு வார்த்தையும் அடிக்கத் தோன்றவில்லை.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். நீ போன பிறகு உன் அழுக்குச் சட்டைகளைத் துவைக்க எடுத்த அம்மா, ஒரு பையில் சின்னச் சாவி இருப்பதைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டறையில் ரிங் வைத்திருக்கும் பெட்டியின் சாவி அது என்று எனக்குத் தெரியும். யுத்தம் வந்த பிறகு சீமையிலிருந்து இன்னொரு ரிங் வர வழியில்லை, அதனால் உன்னைத் தவிர யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டிருப்பதாக நீயே சொல்லியிருக்கிறாய். உன் இடத்துக்கு வந்திருப்பவர் சாவி இல்லாமல் தவிப்பாரே என்று, சாயங்காலம் பழங்காநத்தம் பட்டறைக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த ரிங் என்ன, அதை எதற்கு இப்படிப் பொத்திப் பாதுகாக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு நீ சொல்லிக் கொடுத்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, அம்மாவின் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றச் சொன்னாய். "என் வளையல நெளிச்சிராதடா, இருக்கிறதே இது ஒண்ணுதான்" என்று அவள் சத்தம் போட்டாள். நீ வளையலுக்குள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து உள்விளிம்பில் முட்ட வைத்தாய். டயல் கேஜ் என்பது இவ்வளவுதான் என்றாய். மேலே கடிகாரம் போல ஒரு முகம், அதில் ஒரே ஒரு முள். கீழே இரண்டு முனைகள். ஒன்று அசையாது, மற்றொன்று ஸ்பிரிங்கில் உள்ளே போய் வெளியே வரும். துளைக்குள் விட்டால், அசையும் முனை எவ்வளவு அமுங்குகிறதோ அதை முள் காட்டும். "ஆனா ஒண்ணுப்பா, துளை எம்புட்டுப் பெருசுன்னு அதுக்குத் தெரியாது. எதோட ஒப்பிட்டு எம்புட்டு வித்தியாசம்னு மட்டுந்தான் தெரியும்" என்று சொன்னாய். அந்த 'எதோட' என்பதுதான் ரிங். அளவு நிச்சயமாகத் தெரிந்த எஃகு வளையம். தினமும் காலையில் கேஜை அதற்குள் விட்டு, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திய பிறகுதான் கடைசல் பிடிப்பவர் கையில் கொடுக்க வேண்டும். மத்தியானம் தகரக் கூரை காய்ந்த பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். உள்ளங்கையில் வெகுநேரம் பிடித்திருந்தால் அந்தச் சூட்டுக்கே அளவு மாறும், முனையில் ஒரு தூசி இருந்தால் அந்தத் தூசியும் அளவில் சேர்ந்துவிடும் என்றெல்லாம் சொன்னாய்.

நான் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டேன். ஒரே துளையில் பத்துத் தடவை விட்டாலும் முள் ஒரே இடத்தில் நின்றால், கேஜ் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நீ சிரித்தாய். "இல்லப்பா. ஒரே பொய்யப் பத்துத் தடவை மாத்தாமச் சொல்ற ஆளும் இருக்கான்ல, அவனும் அப்படித்தான்." எத்தனையோ வருஷமாகக் கோர்ட்டு வாசலிலும் முனிசிபல் கூட்டத்திலும் நின்று சாட்சி சொல்பவர்களைக் கேட்டு எழுதுகிறவன் நான். இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான் மறக்கவில்லை.

பட்டறை வாசலில் சோணை நின்றான். உன்னோடு சேர்ந்து வேலை பழகிய சமயநல்லூர்க்காரன், நம் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவன். என்னைப் பார்த்ததும் முகம் கொடுக்காமல் உள்ளே போகப் பார்த்தான். கூப்பிட்டு நிறுத்திச் சாவியைக் கொடுத்தேன். கடைசல் பிடிக்கும் காதர் எங்கே, கண்ணில் படவில்லையே என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"காதர் அண்ணன நிப்பாட்டிட்டாக ஐயா. உங்களுக்குத் தெரியாதா?"

"எதுக்கு?"

"விசயதசமி அன்னிக்கு மில்லுக்கு லேத்துல ஓட்டுன புஷ்ஷு அம்புட்டும் திரும்பி வந்திருச்சு. காலைல ஓட்டுனது பூராவும் துளை பெருசு. தண்டு உள்ள நின்னு லொடலொடங்குதாம். அண்ணனுக்குக் கை போயிருச்சுன்னு சொல்லிப்புட்டாரு மொதலாளி."

இதை நீ வீட்டில் சொல்லவில்லை. எந்திரத் தண்டு உள்ளே சுழலும் இரும்புக் குழல்களான அந்தப் புஷ்கள் திரும்பி வந்தது நீ ரயிலேறுவதற்கு முன்பு. காதரை நிறுத்தியதும் நீ ரயிலேறுவதற்கு முன்பு. உன்னை லேத்தின் முன்னால் நிறுத்தி வேலை கற்றுக் கொடுத்த மனிதர் வேலையை இழந்திருக்கிறார். நீ அம்மாவிடம் வழிக்குப் புளியோதரை கேட்டுக்கொண்டிருந்தாய். அங்கேயே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. காலையில் ஓட்டியவை மட்டும் கெட்டு, மத்தியானத்துக்கு மேல் ஓட்டியவை எப்படிச் சரியாக வந்தன? கை கெட்டுப்போன மனிதனுக்குச் சாப்பிட்டு வந்ததும் கை திரும்பிவிட்டதா? சோணையிடம் அதைத்தான் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். நான் நகரவில்லை. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது எனக்குப் பழகிய வேலை.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல உங்க பையன் கேஜ எடுத்துட்டு மூலைக்குப் போனான் ஐயா. மண்ணெண்ணெய்த் துணியால முனையத் துடைச்சான். துணி மஞ்சளா இருந்துச்சு. பொறகு ரிங்ல விட்டான். முள்ளு பூஜ்யத்துல நிக்கல, தள்ளி நின்னுச்சு. என்ன மாப்ளன்னேன். தூசிடான்னான்."

"மஞ்சள் எப்படி வந்தது?"

"ஆயுத பூசைக்கு வச்ச சந்தனம் ஐயா. மாப்ளதான் வச்சான். எல்லாரும் கேஜோட முகத்துல வைப்பாக. இவன், வேலை செய்யிறது முனைதானே, பொட்டு அதுக்குத்தான்னு அசையா முனையில வச்சான். நாங்கூடச் சிரிச்சேன்."

"இதை முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை?"

"எனக்கும் வேலை வேணும்ல ஐயா" என்றான். அவன் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவன் என் மகன் இல்லை.

அங்கிருந்து நேராகக் காதர் வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் அவர் வீடு உனக்கு நன்றாகத் தெரியும். பெருநாளைக்குப் பெருநாள் போய்ச் சாப்பிட்ட வீடு. வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். மில்காரர்கள் தேடி வந்து வேலை கொடுத்த கைக்கு இப்போது தெருவில் சைக்கிள் வேலை. "வாங்கண்ணே" என்று எழுந்தார். உள்ளே திரும்பி, "ஏம்மா, டீ போடு, பத்திரிகைக்கார அண்ணன் வந்திருக்காரு. என் பேரு பேப்பர்ல வரப்போகுது" என்றார். அந்தக் கேலியில் சிரிக்க என்னால் முடியவில்லை.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "விசயதசமி காலைல நல்ல நேரம் முடியிறதுக்குள்ள மொத புஷ்ஷ ஓட்டணும்னு மொதலாளி பஞ்சாங்கத்தோட நிக்கிறாரு. விருந்தாளுக வேற. தம்பி கேஜக் கொண்டாந்து குடுத்துச்சு. நான் எப்பவும் கேக்குறதக் கேட்டேன். ரிங்? ஆச்சுண்ணேன்னுச்சு. ஓட்டுனேன்." பட்டறையில் தினமும் காலையில் நடக்கும் பேச்சு அது. கேஜை வாங்குகிறவர் "ரிங்?" என்பார், கொடுக்கிறவர் "ஆச்சு" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் வாங்குகிறவர் இரும்பை வெட்டுகிறார். அன்றைக்கு ரிங் பெட்டி சாமி படத்துக்கு முன்னால் மாலைக்கு அடியில் இருந்தது. உச்சிவேளை மறுபூசை முடியாமல் அதை எடுக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். முதல் வெட்டுக்கு வேண்டும் என்று கேஜை மட்டும் எடுக்க விட்டார்கள். அதனால் ரிங் ஆகவில்லை. நீ ஆச்சு என்றாய்.

சந்தனம் காய்ந்து முனையில் தோல் போல ஒட்டியிருந்தது. பூசைக்கு முன்னால் வைத்த பூஜ்யம் அப்படியே இருந்தது. ஒட்டியிருந்த தோல் அளவுக்கு முனை நீண்டுவிட்டதால், துளை சரியான அளவுக்கு வந்த பிறகும் இன்னும் சிறிதாக இருக்கிறது என்று முள் காட்டியது. காதர் முள்ளை நம்பி மேலும் வெட்டினார். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால் சிறிதாகப் போன துளையை இன்னும் வெட்டிச் சரி செய்யலாம். பெரிதாகப் போனதற்கு இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் காதர். "கை தப்புனா ஒண்ணு பெருசாப் போகும், ஒண்ணு சிறுசாப் போகும் அண்ணே. காலைல ஓட்டுனது அம்புட்டும் ஒரே மாதிரி பெருசு. அது கை இல்ல" என்றார்.

இதை முதலாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னேனே. கேஜுல சந்தனம் ஏதும் ஒட்டியிருந்துச்சான்னு கேளுங்க மொதலாளின்னேன். ஆடிப்புட்டாரு. எங்க பூசையக் குத்தம் சொல்ல உனக்கு எம்புட்டுத் துணிச்சல், நம்ம பண்டிகைன்னா உனக்கு என்ன அக்கறை, வேணும்னேதான் கெடுத்தியான்னு கேட்டாரு. இத்தன வருசம் அந்தப் பூசையில நானும் நின்னு பொரி வாங்கித் தின்னவன். கடேசில பாருங்க அண்ணே, சந்தனம் வைக்கத் தெரிஞ்சவுக எல்லாம் நிக்கிறாக. சந்தனமே வைக்காத நான் வெளிய வந்துட்டேன்."

பிறகு முதலாளி உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். காதர் எதிரிலேயே, "ரிங்ல போட்டியாப்பா?" என்று கேட்டிருக்கிறார். நீ "போட்டேன் மொதலாளி" என்று சொல்லியிருக்கிறாய். "என் முகத்தப் பாக்காமச் சொல்லுச்சு" என்றார் காதர். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கேலி இல்லை.

காலையில் நீ சொன்ன பொய்யை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. முதலாளி பஞ்சாங்கத்தோடு நிற்கிறார், ஊரார் நிற்கிறார்கள், மாலைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கத் துணிச்சல் வரவில்லை, இரண்டு நாளில் என்ன மாறிவிடப் போகிறது என்று நினைத்தாய். தவறுதான், ஆனால் மனிதன் செய்யக்கூடிய தவறு. பூசை மேலும் எனக்குக் கோபம் இல்லை. என் பேனாவுக்கும் அன்றைக்கு உன் அம்மா சந்தனம் வைத்தாள். மறுநாள் துடைத்துவிட்டு எழுதினேன். மத்தியானம் நீ செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. துணியில் மஞ்சளைப் பார்த்தாய். முள் தள்ளி நிற்பதைப் பார்த்தாய். காலையில் ஓட்டிய புஷ்கள் எல்லாம் கூடையில் உன் கண்ணெதிரே இருந்தன. அந்த நிமிஷம், "அண்ணே, நிறுத்துங்க, கேஜ் தப்பு" என்று சொல்லியிருந்தால் ஒரு காலை வேலை வீண், முதலாளியின் ஏச்சு, அதோடு முடிந்திருக்கும். நீ முனையைத் துடைத்தாய், வாயையும் துடைத்துக்கொண்டாய். மில்லில் யாரும் பார்க்காமல் மாட்டிவிடுவார்கள் என்று நம்பினாயா? பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகும், ஒரு மனிதனை எதிரே நிறுத்தி வைத்துக் கேட்டபோது, இரண்டாம் முறை அதே பொய்யைச் சொன்னாய். அது அவசரத்தில் வந்த பொய் இல்லை. யோசித்துச் சொன்ன பொய்.

நீ இப்படிப்பட்டவன் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். தெற்குவாசல் எண்ணெய்க் கடை உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு நல்லெண்ணெய் வாங்கப் போனேன். கடைக்காரர் படியில் ஊற்றும்போது, "அப்பா, படி அடியில நசுங்கியிருக்கு" என்று கத்தினாய். "பொடிப்பயலுக்கு வாயப் பாரு" என்றார் அவர். நீ விடவில்லை, பக்கத்தில் தொங்கிய இன்னொரு படியை எடுத்து, அதில் ஊற்றிப் பாருங்கள் என்றாய். குறைந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் தங்கள் தூக்கை நீட்டினார்கள். வரும் வழியெல்லாம் கடைக்காரர் என்ன சொல்லி ஏசினார் என்று கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாய். அளவு தப்பினால் பொறுக்க முடியாத பிள்ளை என்று அன்று முதல் உன்னைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். நீ இந்த வேலைக்குப் போனபோது உன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்று அவள் வாயை அடைத்தது நான்.

இப்போது காதரின் நிலைமையைச் சொல்கிறேன். சம்பளம் போனது மட்டும் என்றால் வேறு பட்டறை பார்ப்பார். திருப்பரங்குன்றம் சாலையில் இருக்கும் இரண்டு பட்டறைகளுக்கும் போயிருக்கிறார். இரண்டிலும் மரியாதையாக உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். காதருக்கு அளவு நிற்கவில்லை என்று பேச்சுப் போய்விட்டது. கடைசல்காரனைப் பற்றி அந்தப் பேச்சு ஒரு தடவை கிளம்பினால் மதுரையில் எந்த லேத்தும் அவனுக்கு இல்லை. அவர் வாயால் உண்மையைச் சொன்னால் பூசையைப் பழிக்கிறான் என்கிறார்கள். சோணை பயப்படுகிறான். நான் போய்ச் சொன்னால், அங்கே இல்லாத ஒருவன் கேட்டதைச் சொல்கிறான் என்று தள்ளிவிடலாம். அந்தப் பொட்டை வைத்த கையும், அதைத் துடைத்த கையும் உன்னுடையவை. நீ சொன்னால் மட்டுமே முதலாளி பூசையைப் பற்றிப் பேசாமல் புஷ்ஷைப் பற்றிப் பேசுவார்.

காதர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "தம்பி பேர இதுல இழுக்காதீக அண்ணே. புதுசாப் போன எடம். சின்ன வயசு." இதைக் கேட்டு உனக்கு நிம்மதி வருமானால், நான் உன்னைப் பற்றிப் பயப்பட வேண்டியதுதான். எனக்கு அவமானம் வந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்தேன். அவர் சம்சாரம், "ஏண்ணே, சீனி பத்தலையா?" என்று கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

புதிய இடத்தில் பெரிய பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். அங்கேயும் தினமும் காலையில் ஒருவர் கை நீட்டி உன்னிடம் கேட்பார். நீ ஆச்சு என்பாய். உண்மையாகவே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாய், அதை நான் நம்புகிறேன். பயந்தவன் அடுத்த தடவை கவனமாக இருப்பான். ஆனால் உன் கவனத்துக்கு விலையாக இங்கே ஒருவர் சைக்கிள் சக்கரம் நிமிர்த்திக்கொண்டிருக்கக் கூடாது. வேலை போய்விடுமே என்று உன் அம்மா அழுகிறாள். போனால் போகட்டும். உனக்கு வயது இருக்கிறது, வேறு ஊர் இருக்கிறது. அவருக்கு இரண்டும் இல்லை.

பத்திரிகையில் எழுதமாட்டேன், அதற்குப் பயப்படாதே. இது ஊருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை, ஒரு பட்டறைக்குள் நீ சொல்ல வேண்டிய விஷயம். லீவு கேள், கொடுக்காவிட்டாலும் புறப்படு. மறுபடியும் காதர் வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை காலை பட்டறை திறக்கும் நேரத்துக்கு அவரை வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். "யாரு வாராக?" என்று கேட்டார். உன் பேரைச் சொன்னேன். "அது வராதுண்ணே" என்று சிரித்தார். வருவான் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கும் நிலையில் நான் இல்லை. நீ வந்தால் நாங்கள் வெளியே நிற்கிறோம், நீ முதலில் உள்ளே போய்ச் சொல். வராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போவோம். அவர் பேசமாட்டார். நான் பேசுவேன். சந்தனம் வைத்தவன், ரிங்கில் பார்க்காதவன், பார்த்தேன் என்று சொன்னவன் யார் என்று முதலாளி கேட்பார். என் மகன் என்று சொல்வேன்.